அரை மணியில டவுனு

வாலே மருமவனே, இப்படித் தார்சால உக்காரு. காப்பி வருது, பைய குடிக்கலாம். கோயம்புத்தூர்ல இருந்து மாத்தலாயி வந்து மூணு நாளாவுது, இன்னும் அந்தப் போனத் தடவிக்கிட்டே இருக்கியே, என்னடே சொல்லுது? பாளையங்கோட்டையில இருந்து டவுனுக்குப் பதினெட்டு நிமிசமா? யாரு சொன்னா? உள்ள இருந்து ஒரு பொம்பள சொல்லுதாளா? அவ எந்த ஊருக்காரி? சமாதானபுரம் முக்குல காலையில எட்டரை மணிக்கு ஒரு நாளாவது நின்னு பாத்திருக்காளா?

சிரிக்காத. ஒங்கம்மா நேத்து ராத்திரி போன் போட்டா. "அண்ணே, பிள்ளைக்கு ஊரு புதுசு, எதுல போணும் எப்படிப் போணும்னு நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்"னா. தங்கச்சி கேட்டுட்டா, சொல்லாம இருக்க முடியுமா? எனக்கு எழுவத்தெட்டு முடியப் போவுது. கோவாலசமுத்திரத்துக் களத்துமேட்டுல இருந்து பன்னெண்டு வயசுல வைக்கோல் வண்டிக்குப் பின்னால நடந்தே வந்து இந்த ஊரப் பாத்தவன் நான். அன்னையில இருந்து இந்த ஆத்த எத்தன தடவ தாண்டியிருப்பேன்னு நான் எண்ணல. ஆறு எண்ணியிருந்தா உண்டு.

நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புத? எட்டரைக்கா? கரெக்டா எட்டரைதானா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

மொதல்ல ஊர வெளங்கிக்கோ. வெளியூர்க்காரன் திருநெல்வேலின்னு ஒத்தப் பேரச் சொல்லி முடிச்சிருதான். உள்ள வந்தாத்தான் தெரியும், இது ரெண்டு ஊரு. ஆத்துக்கு மேக்க டவுனு, கெழக்க பாளை. எடையில ஜங்ஷன். பாளைக்காரன்ட்ட எங்க போறீருன்னு கேளு, "டவுனுக்கு"ம்பான். டவுன்காரன்ட்ட கேளு, "பாளைக்கு"ம்பான். உள்ளூர்க்காரன் எவனும் திருநெல்வேலிக்குப் போறேன்னு சொன்னதே கெடையாது. 1994ல எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்து மாநகராட்சின்னு போர்டு வச்சாவ. போர்டு நல்லாத்தான் ஒட்டியிருக்கு. ஊருதான் இன்னும் ஒட்டல.

ஒட்டவும் செய்யாது. அங்க நெல்லையப்பரு, தேரு, ரத வீதி, யாவாரம். இங்க நாலு எட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம். தென்னாட்டு ஆக்ஸ்போர்டும்பாவ. கூடவே பெரிய செயிலு. படிச்சவன் பள்ளிக்கூடத்து வாசல் வழியா வெளிய போவான், படிக்காதவன் செயிலு வாசல் வழியா உள்ள போவான், எல்லா வசதியும் ஒரே கரையிலயே அமைஞ்சு போச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஆறேழு கிலோமீட்டர்தாம். ஆனா ஒரு டவுன்காரன் பாளையில சம்பந்தம் பேசுனா, "அம்புட்டுத் தூரத்துலயா குடுக்கீங்க"ன்னு கேக்க ஆளு இருக்கு. தைப்பூசத்துக்கு நெல்லையப்பரே பொறப்பட்டு வருவாரு, ஆத்தங்கரை மண்டபத்தோட நின்னு தீர்த்தவாரிய முடிச்சுட்டு வந்த வழியே திரும்பிப் போயிருவாரு. இந்தக் கரைக்கு வந்தாருன்னு நான் கேள்விப்பட்டதே கெடையாது. சாமிக்கே பாளைக்கு வாரதுன்னா யோசனையா இருக்கு, நீ பதினெட்டு நிமிசம்ங்க.

அந்தக் காலத்துல பாலமே கெடையாதுடே. கொக்கிரகுளத்துல படகுத்தொற. சந்தைக்குப் போறவன், கோர்ட்டுக்குப் போறவன், பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போறவன், எல்லாம் படகுக்குத்தான் நிக்கணும். யாரு முந்தி ஏறதுங்கதுல சண்ட வந்து ஆளு செத்த கத வரைக்கும் சொல்லுவாவ. கலெக்டர் கச்சேரியில சிரஸ்தாரா இருந்த சுலோசன முதலியாரு, ஊரெல்லாம் வசூல் பண்ணி எப்பக் கெட்டி முடிக்கதுன்னு தன் கைக்காசப் போட்டாரு. அம்பதாயிரம் ரூவா. அந்தக் காலத்து அம்பதாயிரம்! 1840ல ஆரம்பிச்சு 1843 நவம்பர்ல தெறந்தாவ. பதினோரு வளைவு, 760 அடி. லண்டன்ல இருந்த வாட்டர்லூ பாலத்தப் பாத்து வரைஞ்சதும்பாவ. வீட்டம்மா நகையெல்லாம் கழத்திக் குடுத்தாவன்னும் ஊர்ல ஒரு பேச்சு உண்டு. இந்தக் கதைய ஒங்க அத்தைகிட்ட ஒரு தடவ உருக்கமாச் சொன்னேன். அன்னையில இருந்து பீரோச் சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது.

அதனால பாலத்துல போவும்போது விறுவிறுன்னு போயிராத. மரியாதை இல்ல பாத்துக்கோ. நடுவுல நின்னு தெக்க பாரு. அந்தப் பக்கம் குறுக்குத்துறை. முருகன் ஆத்துக்குள்ளயே உக்காந்திருக்காரு. வெள்ளம் வந்தா உற்சவரக் கரையேத்திருவாவ, மூலவரு முங்கிக் கெடப்பாரு, தண்ணி வடிஞ்சதும் சேத்தக் கழுவிவிட்டுப் பூசை. அம்மாதிரிப் பொறுமை வரணும்லே உனக்கும். ஒரு பத்து நிமிசம் நின்னு பாத்தாத்தான் வரும். நாளைக்கே ஆரம்பிச்சிரு.

இனிம வண்டிக்கு வாரேன்.

ஒனக்குன்னு நான் சொல்லுதது டவுன் பஸ்சு. அதத்தான் சொல்லுவேன். சன்னலோரமா எடம் கெடைக்காட்டி அந்தப் பஸ்ச விட்டுரு, அடுத்ததுல ஏறு, அவசரம் என்ன கெடக்கு? ஏறுனதும் கண்டக்டரு "உள்ள போ, உள்ள போ"ம்பாரு. உள்ளன்னு ஒரு எடம் அந்தப் பஸ்சுல இருக்கதா அவருக்கு மட்டுந்தான் தெரியும். நாப்பது வருசமாத் தேடுதேன், எனக்கு அம்புடல. முருகன்குறிச்சியில பள்ளிக்கூடத்துப் பிள்ளைய ஏறும். வண்ணார்பேட்டை ரவுண்டானாவுல நாலு பக்கத்து வண்டியும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கும், சம்பந்தி வீட்டுச் சண்ட மாதிரி, யாரு மொதல்ல வழிவிடதுன்னு. அங்கதான் அந்தப் போன்காரி தோத்துப் போவா.

பஸ்சுல ஒரே ஒரு வருத்தம். 2021ல இருந்து பொம்பளயாளுவளுக்கு டவுன் பஸ்சுல டிக்கெட்டுக்குக் காசு இல்ல. நல்ல காரியந்தாம், நான் குத்தம் சொல்லல. ஆனா ஒங்க அத்த இருக்காளே, முன்னால வருசத்துக்கு நாலு தடவ டவுனுக்குப் போவா, நெல்லையப்பரு கோயிலுக்கு. இப்ப வாரத்துக்கு ரெண்டு. போன வாரம் டவுன்ல இருந்து கொத்தமல்லி வாங்கிட்டு வந்தா. இந்தா, நம்ம தெரு முக்குலயே கெடக்கு கொத்தமல்லி! கேட்டா, "அது வேற கொத்தமல்லி"ங்கா. நான் கூடப் போனா, அவளுக்குக் கையில ஓசிச் சீட்டு, எனக்குக் காசு. கண்டக்டரு சில்லற கேக்கையில அவ என்னையப் பாக்க பார்வ இருக்கே, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படிப் பாக்கல.

ஷேர் ஆட்டோவா? அதுல அவன் சொல்லுத ஒரு வார்த்தைய நம்பாத. "அண்ணாச்சி, இன்னும் ஒரு ஆளுதாம், எடுத்துரலாம்." அந்த ஒரு ஆளு நீ ஏறதுக்கு முந்தியும் பாக்கி, ஏறுன பொறவும் பாக்கி. மூணு பேரு சீட்டுல அஞ்சு பேரு, டிரைவருக்கு ரெண்டு பக்கமும் ஒத்தத் தொடையில ஒவ்வொருத்தன். போன மாசம் ஏறுனேன். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வாழைத்தாரு, அதுக்கும் சேத்து எடம் பிடிச்சு ஒருத்தரு. இந்தப் பக்கம் ஒரு பொடிப்பய, அவன் பை என் மடியில. பைக்குள்ள இருந்து ஸ்கேலு நீட்டிக்கிட்டு, வண்டி குலுங்கும்போதெல்லாம் என் தாடைய அளந்துக்கிட்டே வருது. பாலத்து ஏத்தத்துல அந்தப் பய கேக்கான், "தாத்தா, ஒங்களுக்கு எத்தன பல்லு இருக்கு?"ன்னு. அளந்தவன் நீ, நீயே சொல்லுலேன்னேன். ஆட்டோவுல உண்டானவன் அம்புட்டுப் பேரும் சிரிச்சான். வாழைத்தாருக்காரரு எறங்கையில ஒரு சீப்பு ஒடிச்சுக் குடுத்தாரு. பரவால்ல, ஏறலாம். ஆனா அவன் ஆளு சேர நிக்கும்போது நீ எறங்கி ஓடிராத. ஆளு சேரட்டும்.

போன்லயே கூப்பிடுத காரு இருக்கே, அது வேண்டாம். நம்ம சந்துக்குள்ள வராது. அவன் உன்னைய மெயின் ரோட்டுக்கு வரச் சொல்லுவான், நீ அவன சந்துக்கு வரச் சொல்லுவ, ரெண்டு பேரும் போன்ல வழி சொல்லி முடிக்கதுக்குள்ள நம்ம வீட்டுப் பூனை நடந்தே ஜங்ஷன் போயிருக்கும்.

ரயிலு? ஏம்லே சிரிக்க? ரயில்லயே போலாம் தெரியுமா. எவனுக்கும் தோணாது. திருச்செந்தூர் லைனு 1923ல போட்டது, அதுல பாளையங்கோட்டைக்குன்னு தனியா ஒரு ஸ்டேஷன் இருக்கு. அங்க ஏறி ஜங்ஷன்ல எறங்கு. எறங்குனியா, அங்கனயே நின்னுக்கோ. செங்கோட்டை லைன்ல டவுனுக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கு. தெங்காசிப் பக்கம் போற பாசஞ்சர் வந்தா ஏறி அடுத்ததுல எறங்கு. ஆறேழு கிலோமீட்டருக்கு ரெண்டு ரயிலு, நடுவுல பிளாட்பாரத்துல ஒரு தூக்கம். இங்க ஸ்டேஷனுக்குப் போக ஒரு ஆட்டோ, அங்க ஸ்டேஷன்ல இருந்து போக ஒரு ஆட்டோ. ஆனா ரயிலு ஆத்துப் பாலத்துல ஏறும்போது தடதடன்னு ஒரு சத்தம் வரும் பாரு, கீழ தண்ணியில நாணல் ஆடும், எரும முதுகுல கொக்கு நிக்கும். அது ஒண்ணுக்கே டிக்கெட்டு குடுக்கலாம். காலையில போனா மத்தியானச் சாப்பாட்டுக்கு டவுன் சேந்துரலாம். வசதி எப்படி?

நீந்திப் போன காலமும் உண்டு. வேட்டி சட்டையச் சுருட்டித் தலையில கெட்டிக்கிட்டு இந்தப் படித்துறையில எறங்குனா அந்தப் படித்துறையில ஏறிருவோம். ஏறி, தலைய உதறி, வேட்டிய உடுத்தி, நேரா ஓட்டல்ல இட்லி. இப்ப எறங்கிராத. பொதிகையில பொறந்து வருசமெல்லாம் வத்தாம வார ஆறு, நம்ம ஊர நெருங்கும்போதுதான் சாக்கடைய வாங்கிக் கெட்டுக்கிட்டுப் போவுது. வேற என்னத்தச் சொல்ல.

வெள்ளத்தன்னைக்கு இந்த வண்டி ஒண்ணும் ஆவாது. 1992ல பாத்தேன், 2023 டிசம்பர்லயும் பாத்தேன். நாசமத்துப் போற தண்ணி. பாலத்துல போக்குவரத்த நிப்பாட்டிட்டாவ. கொக்கிரகுளத்துல கலெக்டர் ஆபீசுக்குள்ளயே தண்ணி. திருச்செந்தூர்ல இருந்து வந்த ரயிலு சீவைகுண்டத்துல நின்னது நின்னதுதாம், நூத்துக்கணக்கான சனம் அதுக்குள்ளயே ராத்திரிய ஓட்டுச்சு. அக்கரையில மீனாட்சிபுரம், சிந்துபூந்துறைப் பக்கம் தெருவுக்குள்ள படகு விட்டு ஆள ஏத்துனாவ. 1843ல படகு வேண்டாம்னு பாலங் கெட்டுனாவளா, கரெக்டா நூத்தியெம்பது வருசங் கழிச்சுப் படகு வீட்டு வாசலுக்கே வந்து கூப்பிட்டுச்சு. அன்னைக்கு மூணு நாளா டவுன்ல இருக்க என் சேக்காளிக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம இங்கனயே உக்காந்திருந்தேன். போனும் போவல. நாலாவது நாளு கூப்பிட்டான். எடுத்த எடுப்புல, "என்னவே, தண்ணி வடிஞ்சிருச்சுல்லா, அந்த முப்பது ரூவாய எப்பத் தாரேரு?"ன்னான். உசுரோடதான் இருக்கான்னு நிம்மதியாப் போச்சு.

அவன் வாட்ச்சு ரிப்பேர்க்காரன்டே. வாகையடி முக்குக்குப் பக்கத்துல ஒரு பெட்டிக் கடை. கண்ணுல லென்ச மாட்டிக்கிட்டு ஊரு உலகத்து நேரத்தையெல்லாம் திருத்துவான். இப்பக் கடையில்ல, கை நடுங்குது. கடியாரம் மட்டும் கையிலயே இருக்கும். அவன் கத இப்ப எதுக்கு, விடு.

எங்க விட்டேன்? ஆத்தத் தாண்டியாச்சு. ஜங்ஷன்ல எறங்கி ஒரு காப்பி குடி. குடிக்காமப் போவக் கூடாது. அந்த பஸ் ஸ்டாண்ட 2018ல இடிச்சு வருசக் கணக்கா மூடி வச்சு, சனம் ரோட்டுலயே நின்னு பஸ் ஏறிப் பழகிப் போச்சு. இப்ப உள்ள போனா எங்க நிக்கதுன்னு எனக்கே கொழப்பமா இருக்கு. நீயும் சுத்திப் பாரு. கொழம்புனா யாருகிட்டயாவது வழி கேளு. எங்க ஊர்ல வழி கேட்டா, "நீங்க யாரு வீடு, எந்த ஊரு, கல்யாணம் ஆச்சா"ன்னு விசாரிச்சுட்டுத்தான் சொல்லுவாவ. எல்லாத்துக்கும் பதில் சொல்லு. பெரியவங்க கேக்கும்போது பாதியில போறது நல்லாருக்காது.

அதத் தாண்டுனா ஈரடுக்குப் பாலம். 1973ல கெட்டுனது. கீழ ரயிலு, அதுக்கு மேல ஒரு ரோடு, அதுக்கும் மேல இன்னொரு ரோடு. இந்தியாவுலயே அப்ப அதுதான் மொதல்னு சொல்லி ஊரே திரண்டு போயி வாயப் பொளந்து பாத்துச்சு. நானும் பாத்தேன், கல்யாணம் ஆவாத வயசு, பாலத்த மட்டும் பாக்கல. மேல் தட்டுல பஸ்சு, லாரி. கீழ் தட்டுல சைக்கிளு, மோட்டார் சைக்கிளு, நடக்கவன். நீ மேல போணும்டே. என் மருமவன் மேல போறான்னு நாலு பேருகிட்டச் சொன்னா எனக்கும் ஒரு கெத்து. மேல பஸ்சு நெருங்கி நின்னாலும் காத்து வரும். கீழ் தட்டு வேண்டாம். ஒரு நெருக்கடியும் இல்லாம சர்ருன்னு அந்தப் பக்கம் கொண்டு போயி விட்டுரும், அதுல என்ன சொகம் இருக்கு?

அதான் சொல்லுதேன், சைக்கிள மட்டும் எடுக்காத. ஒன் பைக்கு இன்னும் பார்சல்ல வந்து சேரல, தெரியும். அதுக்காகக் கொல்லையில நிக்க என் சைக்கிள்ல கை வைக்காத. சைக்கிள்ல போனா என்ன ஆவும் தெரியுமா? வண்ணார்பேட்டையில நிக்க வண்டியெல்லாத்துக்கும் நடுவுல நொழைஞ்சு போயிருவ. பாலத்துல ஓரமாப் போயிருவ. ஜங்ஷன்ல ஆளு சேரவும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். கீழ் தட்டு வழியாப் போயி எறங்குனா எஸ்.என். ஹைரோடு, ஒரு மிதி மிதிச்சா ஆர்ச்சு. வேர்க்கும்லா? சட்ட கசங்கும்லா? புது ஆபீசுல மொத நாளே முந்திப் போயி நின்னா, இவனுக்கு வீட்டுல வேல இல்ல போலன்னு நெனைப்பாவ. அந்தக் காலத்துல நாங்க போனோம், மணிக்கு இவ்வளவுன்னு வாடக சைக்கிள எடுத்துக்கிட்டு, பொழுது எறங்கி லைட்டு இல்லாமப் போனா போலீஸ்காரரு பிடிச்சுக் காத்தப் புடுங்கி விட்டுருவாரு. அது எங்க காலம். ஒனக்கு எதுக்கு?

அது போவ, அந்தச் சைக்கிள்ல காத்தும் இல்ல. நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு. நீ "மாமா, நான் பேசாம சைக்கிள்லயே போயிரட்டா"ன்னு கேட்டியே, அதுக்குப் பொறவுதான் எப்படியோ எறங்கிருக்கு. கண்ணுபட்டிருக்கும்.

ஆக, சொன்னது ஞாபகம் இருக்கட்டும். எட்டரைக்குக் கெளம்பு. சன்னலோரம் கெடைக்க வரைக்கும் நில்லு. கொக்கிரகுளத்துல எறங்கிரு. பாலத்துல தெக்க பாத்துப் பத்து நிமிசம், அவசரப்பட்டா மனசு நெலைக்காது. ஜங்ஷன் வரைக்கும் நடந்து போயி காப்பிய ஆத்திக் குடி. பொறவு மேல் தட்டுல போற பஸ்சுல ஏறு. வாகையடி முக்குல எறங்கும்போது, கையில கடியாரத்தப் பிடிச்சுக்கிட்டு ஒரு வழுக்கத் தலைக்காரரு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பாரு. பயந்துராத, சேக்காளிதாம். "என்னவே, ஒம்ம மருமவன் படிச்ச பிள்ளை, எட்டரைக்குக் கெளம்புனா ஒம்போதுக்கெல்லாம் இங்க நிப்பான்"னு என்கிட்டயே சவால் விட்டாரு. எனக்கு ஒன்னையத் தெரியாதா? ஒங்கம்மாவைப் போட்டு வளத்தவன் நான். ஒம்போதரைக்கு முந்தி அவன் வரவே மாட்டாம்வேன்னு சொல்லிப்புட்டேன். பந்தயம் பெருசு ஒண்ணுமில்ல, நாலு உளுந்தவடை, ரெண்டு காப்பி, அந்தப் பழைய முப்பது ரூவாயும் அதோட கழிஞ்சுரும்.

ஒனக்கு ஒரு வடை உண்டுலே, இல்லேன்னு சொல்லமாட்டேன்.

ஏ, எங்க எந்திரிக்க? கொல்லைப் பக்கம் எதுக்குப் போற? பம்பு உள்ளதான் இருக்கு, எடுத்துக்கோ. அடிச்சுப் பாரு, நிக்காது. வால்டியூப்ப எங்க தேடுனாலும் அம்புடாது, என் பொடி டப்பிக்குள்ள கெடக்கு.